முதல் குடிமகன் பாபு ராஜேந்திர பிரசாத்

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் மாதம் 3-ம் தேதியை நம் நாட்டு வழக்கறிஞர்கள் வழக்கறிஞர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் சங்க உறுப்பினர்களில் வக்கீல் தொழில் செய்பவர்கள் பல நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களிலேயே சிலருக்கு அது யாருடைய பிறந்த நாள் என்று உடனே நினைவுக்கு வருவதில்லை. ராஜாஜியைப் பற்றியும், டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றியும், ஆர். வெங்கட்ராமனைப் பற்றியும் நம் வீடுகளில் பேசிய அளவுக்கு நாட்டின் முதல் ராஷ்டிரபதியைப் பற்றி நாம் பேசியதில்லை. வினாடி வினாப் போட்டிக்குத் தயார் செய்யும் குழந்தைகளுக்கு அவர் ஒரு வரி விடை, அவ்வளவுதான்.

மத்திய அரசுப் பணியில் நான் பாட்னாவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஊரில் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவரை ராஜேந்திர பாபு என்றே சொல்வார்கள். அங்கு கேட்டதும் பிறகு படித்ததுமாகச் சேர்ந்ததைத்தான் இங்கே நம் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

ஜீராதேயி கிராமத்துப் பிள்ளை

ராஜேந்திர பிரசாத் 1884-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, அப்போதைய சாரண் மாவட்டத்தில் ஜீராதேயி என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் பீகாரின் சிவான் மாவட்டத்தில் இருக்கிறது. காயஸ்த குலத்தைச் சேர்ந்த ஜமீன் குடும்பம். பாட்டனாரின் சகோதரர் ஹத்வா சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். தந்தை மகாதேவ் சஹாய் பாரசீகமும் சமஸ்கிருதமும் கற்றவர். தாய் கமலேஸ்வரி தேவி இராமாயணக் கதை சொல்லி வளர்த்தார். வீட்டுக் கடைக்குட்டிக்கு முதலில் எழுத்தறிவித்தவர் ஒரு மௌல்வி. ஆரம்பப் பாடம் பாரசீக மொழியில்தான். அந்நாளைய வழக்கப்படி பன்னிரண்டு வயதிலேயே ராஜவம்சி தேவியுடன் விவாகம் நடந்துவிட்டது.

சாப்ராவிலும் பாட்னாவிலும் பள்ளிப் படிப்பு. 1902-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் முதல் மாணவனாகத் தேறினார். அந்தக் காலத்தில் வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம், பர்மா எல்லாம் அந்த ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பீகார் கிராமத்துப் பையன் ஒருவன் அத்தனை பேரையும் தாண்டி முதலில் வந்தது பெரிய செய்தியாயிற்று. மாதம் 30 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பொருளாதாரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். சில காலம் முசாபர்பூர் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு சட்டத்துக்குத் திரும்பினார்.

அண்ணனுக்கு எழுதிய கடிதம்

1910-ல் ஒரு சோதனை வந்தது. கோபால கிருஷ்ண கோகலே இவரை அழைத்து, இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து வாழ்நாள் முழுவதையும் நாட்டுக்குத் தரும்படி கேட்டார். இளைஞருக்கு ஆசை. ஆனால் 1907-லேயே தந்தை போய்விட்டார். குடும்ப பாரம் முழுவதும் அண்ணன் மகேந்திர பிரசாத்தின் தோளில் இருந்தது. தம்பி வக்கீலாகிச் சம்பாதிப்பான் என்று வீடே காத்திருந்தது. நேரில் கேட்கத் தைரியம் இல்லாமல் அண்ணனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதைப் படித்து அண்ணன் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரைப் பார்த்தபின் தம்பியால் போக முடியவில்லை. கோகலேக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

நம் வீடுகளிலும் இப்படித் தங்களுடைய ஆசையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! ராஜேந்திர பாபுவின் சுபாவம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தன் கருத்தை ஒளிக்க மாட்டார், முழுமையாக எழுதித் தெரிவிப்பார். ஆனால் எதிர்த்தரப்பின் நியாயம் புரிந்துவிட்டால் வழி விட்டுவிடுவார். நாற்பது ஆண்டுகள் கழித்து, நாட்டின் மிக உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதும் அவர் இதையேதான் செய்தார்.

1911-ல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தொழிலோடு படிப்பையும் விடாமல் 1915-ல் சட்ட முதுகலைத் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1916-ல் பாட்னாவில் தனி உயர்நீதிமன்றம் ஏற்பட்டதும் அங்கே மாறினார். நல்ல வருமானம், நல்ல பெயர். இன்னும் சில ஆண்டுகளில் நீதிபதி ஸ்தானம் நிச்சயம் என்று எல்லோரும் நினைத்த வேளை அது.

சம்பாரண் மாற்றியது

வடக்கு பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியானவர்களைக் கட்டாயமாக அவுரி பயிரிட வைத்தார்கள். ஒரு பீகா நிலம் என்பது இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் அவுரி போட்டே ஆகவேண்டும். இதற்குத் தீன்கட்டியா முறை என்று பெயர். ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்திஜியை விடாமல் நச்சரித்து 1917 ஏப்ரலில் பாட்னாவுக்கு அழைத்து வந்தார். நேராகக் கூட்டிப்போன இடம் ராஜேந்திர பாபுவின் வீடு. அவரோ பூரிக்குப் போயிருந்தார். வந்திருப்பவர் யாரென்று வேலைக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஏதோ கிராமத்துக் கட்சிக்காரர் என்று நினைத்து, வீட்டுக்குள் இருந்த கழிப்பறையைக்கூட உபயோகிக்க விடவில்லை. காந்திஜி வருத்தப்படவில்லை. வேலைக்காரர்கள் தங்கள் எஜமானரின் ஆசாரத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த ராஜேந்திர பாபு மோதிஹாரிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார். பிரஜகிஷோர் பிரசாத், அனுக்ரஹ நாராயண் சின்ஹா முதலிய வக்கீல்களும் இருந்தார்கள். காந்திஜி இந்தப் பெரிய வக்கீல்களிடம் வாதத் திறமையைக் கேட்கவில்லை. குமாஸ்தா வேலையும் மொழிபெயர்ப்பு வேலையும் செய்யுங்கள், தேவைப்பட்டால் சிறைக்கும் போங்கள் என்றார். ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். குறுக்கு விசாரணை செய்து, பொய்யையும் மிகைப்படுத்தலையும் நீக்கி எழுதினார்கள். அந்த வாக்குமூலங்களின் பலத்தில்தான் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. 1918-ல் சட்டம் போட்டுத் தீன்கட்டியா முறையை ஒழித்தது.

வக்கீல்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சமையல்காரனையும் வேலைக்காரனையும் அழைத்து வந்திருந்தார்கள். ஜாதிக்கு ஒரு அடுப்பு, ஆளுக்கு ஒரு நேரம். காந்திஜி சிரித்துக்கொண்டே அத்தனை அடுப்புகளையும் ஒன்றாக்கிவிட்டார். வேலைக்காரர்கள் வீடு திரும்பினார்கள். அதுவரை ஆசாரக் கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பாக இருந்த ராஜேந்திர பாபு பொது அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டார். சொந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று தெரிந்தேதான் சாப்பிட்டார்.

வருமானத்தை விட்டவர்

1920-ல் ஒத்துழையாமை இயக்கம். பாட்னா உயர்நீதிமன்றத்தின் முன்னணி வக்கீல் தொழிலை விட்டார். மகனையும் அரசாங்கக் கல்வியிலிருந்து விலக்கிப் பீகார் வித்யாபீடத்தில் சேர்த்தார். ஊராருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் பிள்ளையை மட்டும் நல்ல காலேஜில் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெரிய சிவில் வழக்கை மட்டும் கைவிடாமல் நடத்தி, அதன் பொருட்டு 1928-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வந்தார். கட்சிக்காரருக்குக் கொடுத்த வாக்கு அது.

1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். முங்கேரும் முசாபர்பூரும் தரைமட்டமாயின. அப்போது ராஜேந்திர பாபு கைதி. ஆஸ்துமா முற்றி வைத்தியத்தில் இருந்தார். இரண்டு நாளில் அவரை விடுதலை செய்தார்கள். படுக்கையிலிருந்து எழுந்து நிவாரண வேலையில் இறங்கினார். அவர் திரட்டிய நிதி 38 லட்சம் ரூபாய்க்கு மேல். வைஸ்ராயின் நிதியைப் போல் மூன்று மடங்கு. அரசாங்க முத்திரையும் அதிகாரமும் இல்லாத மனிதரை நம்பி ஜனங்கள் பணம் அனுப்பினார்கள் என்றால் அவருடைய கணக்கு சுத்தம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு பம்பாயில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். 1939-ல் சுபாஷ் போஸ் விலகியபோது அந்தச் சிக்கலான பொறுப்பும் இவர் தலையில்தான் விழுந்தது.

1942 ஆகஸ்டில் கைதாகி 1945 ஜூன் வரை பாட்னா பாங்கிப்பூர் சிறையில் இருந்தார். நாட்டுப் பிரிவினை வேண்டுமா என்ற பிரச்சினையைப் புள்ளிவிவரங்களோடு அலசும் இந்தியா டிவைடட் என்ற நூலும், ஹிந்தியில் அவருடைய சுயசரிதமான ஆத்மகதாவும் அந்தக் காலத்து உழைப்பின் பலன்.

அரசியல் நிர்ணய சபையில்

1946 செப்டம்பரில் இடைக்கால அரசில் உணவு, விவசாய மந்திரி. டிசம்பர் 11-ம் தேதி அரசியல் நிர்ணய சபைக்குத் தலைவர். சபையில் கட்சிக்கும் கொள்கைக்கும் குறைவில்லை. எல்லோரையும் பேச விட்டு, யாரையும் புண்படுத்தாமல் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் 395 ஷரத்துகளும் 8 அட்டவணைகளும் கொண்ட சாசனத்தை முடித்துக் கொடுத்தார்.

1949 நவம்பர் 26-ம் தேதி சாசனம் ஏற்கப்பட்ட அன்று அவர் ஆற்றிய முடிவுரையை வழக்கறிஞர் உறுப்பினர்கள் அவசியம் படிக்க வேண்டும். மந்திரிகளின் ஆலோசனைக்கு ராஷ்டிரபதி கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று சாசனத்தில் நேரடியாக எழுதப்படவில்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார். ஆனாலும் இங்கிலாந்து மன்னர் நடந்துகொள்வதுபோல இங்கும் நல்ல மரபு ஒன்று உருவாகும் என்று நம்பிக்கை தெரிவித்தார். இதைச் சொல்லி இரண்டு மாதத்தில் அந்த நாற்காலியில் அவரே உட்கார வேண்டியிருந்தது.

அந்த நாற்காலிக்கு நேருஜி மனதில் வைத்திருந்தவர் நம் ராஜாஜி. அப்போது ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தார், அந்த மாளிகைக்குப் பழகியவர். ஆனால் 1942 இயக்கத்தில் ராஜாஜி சேரவில்லை என்பதைக் காங்கிரஸ்காரர்கள் மறக்கவில்லை. பெரும்பாலோர் ராஜேந்திர பாபுவை விரும்பினார்கள். சர்தார் படேலின் ஆதரவும் அவருக்கே இருந்தது. 1950 ஜனவரி 26-ம் தேதி தர்பார் மண்டபத்தில் குடியரசுப் பிரகடனத்தை ராஜாஜி வாசிக்க, ராஜேந்திர பாபு பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அந்த மண்டபத்துக்கு 2024-ல் கணதந்திர மண்டபம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். 1954-ல் முதன்முதலாகப் பாரத ரத்னா விருது பெற்ற மூவரில் முதல் பெயர் ராஜாஜியுடையது. மற்ற இருவர் ராதாகிருஷ்ணனும் சி.வி. ராமனும்.

கையெழுத்தும் மனசாட்சியும்

ராஷ்டிரபதி என்றால் ரப்பர் ஸ்டாம்ப் என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாட்னாவில் என் அலுவலக நண்பர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் ஹிந்து சட்ட மசோதா விவகாரம்.

ஹிந்துக்களின் விவாகம், சொத்துரிமை ஆகியவற்றைத் திருத்தும் மசோதாவை நேருவும் அம்பேத்கரும் கொண்டுவந்தார்கள். ராஜேந்திர பாபுவுக்கு அது பிடிக்கவில்லை. வயது வந்தோர் ஓட்டுரிமைப்படி ஒரு தேர்தல்கூட நடக்காத தற்காலிகப் பார்லிமெண்ட் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யலாகாது என்பது அவர் கட்சி. 1951 செப்டம்பரில், இந்த மசோதா விஷயத்தில் தாம் சொந்த முடிவுப்படி நடக்க விரும்புவதாக நேருவுக்கு எழுதிவிட்டார். குடியரசு பிறந்து இரண்டு வயதுகூட ஆகாத நிலையில் நாட்டுத் தலைவருக்கும் பிரதமருக்கும் நேர் மோதல் வரும் நிலை.

நேரு சட்ட வல்லுநர்களைக் கேட்டார். ஒருவர் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட். மற்றவர் சாசன வரைவுக் குழுவில் இருந்த சென்னையின் சட்டமேதை அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர். மந்திரிசபையின் ஆலோசனைக்கு ராஷ்டிரபதி கட்டுப்பட்டவரே என்று இருவரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கருத்துக் கூறினார்கள். ராஜேந்திர பாபு விலகிக்கொண்டார். அந்தச் சமயத்தில் மசோதாவும் நின்றுபோயிற்று. 1952 பொதுத் தேர்தலுக்குப் பிறகு வந்த பார்லிமெண்ட் அதைப் பகுதி பகுதியாக நிறைவேற்றியது. 1955-ல் ஹிந்து விவாகச் சட்டம், 1956-ல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம். இரண்டுக்கும் ஒப்புதல் தந்தது ராஜேந்திர பாபுவின் கைதான்.

அந்தக் கையெழுத்தின் பலனை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அத்தை பதினேழு வயதில் விதவையாகிப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, குழந்தைகளை வளர்த்து, சமையலறைக்கு அடுத்த சிறு அறையில் காலம் கழித்தாள். என் தாத்தா 1958-ல் உயில் எழுதாமல் காலமானார். அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிலத்தில் பிள்ளைகளுக்குச் சமமாக அத்தைக்கும் ஒரு பங்கு கிடைத்தது. இரண்டே ஆண்டு முன்னதாக அவர் போயிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது சோறும் துணியும்தான். அத்தை பிற்காலத்தில் யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தாள்.

ஆகவே அந்த மசோதா விஷயத்தில் நான் ராஜேந்திர பாபுவின் பக்கம் இல்லை. இன்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் அவர்களும் இருக்க மாட்டார்கள். ஆனால் அதனாலேயே அவர்மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது. தனக்குப் பிடித்த சட்டத்தில் கையெழுத்துப் போட யாராலும் முடியும். உள்ளூர ஒப்பாததை எழுத்தில் தெரிவித்து, பின் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையின் முடிவுக்குத் தலைவணங்குவது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. பீகார் ஜமீன் ஒழிப்பு மசோதா 1950-ல் வந்தபோதும் கேள்விகள் எழுப்பினார், பிறகு ஒப்புதல் தந்தார். அவரே ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

எல்லா விஷயத்திலும் அவர் வளைந்து கொடுக்கவும் இல்லை. புதிதாகக் கட்டிய சோமநாதர் ஆலயப் பிரதிஷ்டைக்குப் போக வேண்டாம் என்று நேரு கருதினார். 1951 மே 11-ம் தேதி ராஜேந்திர பாபு போய்த்தான் வந்தார்.

1952 தேர்தலில் 5,07,400 ஓட்டு மதிப்புப் பெற்றார், எதிர்த்த கே.டி. ஷாவுக்கு 92,827. 1957-லும் வென்றார். இன்றுவரை இருமுறை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் ஒருவரே. மாதச் சம்பளம் 10,000 ரூபாயில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். பிற்பாடு அதையும் குறைத்துக் கால் பங்காக்கிக்கொண்டார்.

1960 ஜனவரி 25-ம் தேதி இரவு அவருடைய மூத்த சகோதரி பகவதி தேவி காலமானார். அவரும் இளம் வயதில் கணவனை இழந்து தம்பியுடனேயே வாழ்ந்தவர், தாய் ஸ்தானத்தில் இருந்தவர். மறுநாள் குடியரசு தினம். அன்று காலை ராஜேந்திர பாபு வழக்கம்போல் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அது முடிந்த பிறகுதான் தமக்கையின் ஈமக் காரியத்துக்குப் போனார். சடங்குப் பதவி என்று சொல்கிறோமே, சடங்குக்கு உட்காரும் மனிதரிடம் அது எவ்வளவு கேட்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

விட்டுச் சென்ற கேள்வி

பழைய வக்கீல் அவருக்குள் கடைசிவரை தூங்கவில்லை. 1960 நவம்பர் 28-ம் தேதி டெல்லியில் இந்தியச் சட்டக் கழகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, ராஷ்டிரபதியின் அதிகாரமும் இங்கிலாந்து மன்னரின் அதிகாரமும் ஒன்றுதானா என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நேருவுக்கு இது ரசிக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமானதே. 1955-லேயே பஞ்சாப் பாடப் புத்தக வழக்கில் உச்சநீதிமன்றம் ராஷ்டிரபதி பெயரளவுத் தலைவர் என்று கூறியிருந்தது. ஆனால் சாசன வாசகத்தில் அது இல்லை. 1976-ல் 42-வது திருத்தம்தான் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே ராஷ்டிரபதி நடக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. 1978-ல் 44-வது திருத்தம், ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று சேர்த்தது. கருத்தைச் சொல்லிப் பார், பிறகு ஏற்றுக்கொள் என்ற அந்த ஏற்பாட்டை, எழுதிய சட்டம் வருவதற்கு முன்பே ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்து காட்டிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1962 மே மாதம் பதவியை டாக்டர் ராதாகிருஷ்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் பாட்னா திரும்பினார். அவ்வாண்டே பாரத ரத்னா கிடைத்தது. 340 அறைகள் கொண்ட மாளிகையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர், கங்கைக்கரையில் மௌலானா மஜருல் ஹக் 1921-ல் நிறுவிய ஸதாகத் ஆசிரமத்தில் ஓர் எளிய வீட்டில் குடியேறினார். ஸதாகத் என்றால் சத்தியம் என்று பொருள். செப்டம்பரில் மனைவி ராஜவம்சி தேவி காலமானார். 1963 பிப்ரவரி 28-ம் தேதி, 78-வது வயதில் ராஜேந்திர பாபுவும் அங்கேயே கண் மூடினார்.

நம் சங்கத்தில், கோயில் கமிட்டிகளில், குடியிருப்போர் சங்கங்களில் தலைவர் பொறுப்பில் பலர் இருக்கிறோம். பெரும்பாலும் அந்தப் பொறுப்பில் அதிகாரம் குறைவு, கையெழுத்து அதிகம். பெரும்பான்மை தீர்மானித்துவிட்டால் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்வதோ, மனசுக்குள் புழுங்கி வெளியில் குறை பேசுவதோதான் நமக்குப் பழக்கமாக இருக்கிறது. முதலில் எழுதித் தெரிவித்து, பிறகு முடிவை மதித்து, மறுநாள் முகம் கோணாமல் வேலைக்கு வருவது மூன்றாவது வழி. பாட்னாவுக்குப் போகும் அன்பர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஸதாகத் ஆசிரமத்துக்குப் போய்வர வேண்டும். கூடவே பேரக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.